எம்.டி. அனாட்டமி: எம்பாமிங் (இறந்த உடலைப் பதப்படுத்துதல்) செய்தும் கால் விரல்கள் பதப்படவில்லை, ஏன்?

முதலாண்டு மாணவி:
வலது தொடைத் தமனி வழியாக 10 லிட்டர் பதப்படுத்தும் திரவம் ஏற்றினோம். முகமும் கைகளும் நன்றாக இறுகிவிட்டன. வலது கால் மட்டும் மெத்தென்று இருக்கிறது. முன்பு பதப்படுத்திய உடலிலோ தோல் காய்ந்து பூஞ்சை பிடிக்கிறது. எங்கே தவறு?

உதவிப் பேராசிரியர்:
கானுலாவை (தமனிக்குள் செருகும் குழாயை) தலைப்பக்கம் நோக்கிக் கட்டியிருப்பீர்கள். அப்படியானால் அந்தக் காலுக்குத் திரவம் சரியாகப் போகாது. முடித்ததும் கானுலாவைக் கழற்றிப் பாதம் நோக்கித் திருப்பி, இன்னும் 1 லிட்டர் விடுங்கள். விரல்கள் அப்போதும் மென்மையாக இருந்தால் சிரிஞ்சில் நேரடியாக ஏற்றுங்கள். ஓட்டம் நின்றால் பெரும்பாலும் இரத்தக்கட்டிதான். அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், முகம் வீங்கிவிடும். கைகால்களை இதயத்தை நோக்கி நீவிவிட்டுக் காத்திருங்கள். புவியீர்ப்பு முறையில் (பம்பு இல்லாமல் திரவம் தானாக இறங்கும் முறை) பாட்டில் மேசைக்கு மேல் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் போதும்.

மூன்றாமாண்டு மாணவர்:
தோல் காய்வது கிளிசரின் குறைவால், பூஞ்சை பீனால் குறைவால். 10 லிட்டருக்கு ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்) 1.5, கிளிசரின் 1, பீனால் அரை, ஸ்பிரிட் 3 லிட்டர், மீதி தண்ணீர் என்று கலந்து பாருங்கள். பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு: கடையில் வாங்கும் ஃபார்மலின் பாட்டிலில் இருப்பதே 37–40% ஃபார்மால்டிஹைடுதான். ஆகவே '10% ஃபார்மலின்' என்றால் ஃபார்மால்டிஹைடு சுமார் 4% மட்டுமே. பீனால் தோலைச் சுட்டுவிடும், கையுறை கட்டாயம்.

உதவிப் பேராசிரியர்:
சர்ஜிக்கல் மாஸ்க் ஃபார்மலின் ஆவியைத் தடுக்காது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள். ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடியைத் துறையில் கேட்டு வாங்குங்கள்.