ராஸ்பெரி பையைப் பார்வையின்றி நிறுவிய சேலத்துக்காரர்களின் அனுபவங்கள்

அஸ்தம்பட்டி உறுப்பினர்:
ராஸ்பெரி பை 5 என்ற கையடக்கக் கணினிப் பலகை கைக்கு வந்ததும், ஹெட்போன் செருகும் வட்டத் துளையைத் தேடி நான்கு ஓரங்களிலும் விரலை ஓட்டினேன். பை 4இல் இருந்த 3.5 மி.மீ. துளை இதில் கிடையாது. "டிவியில் மாட்டுங்க சார், படம் வந்துடும்" என்றார் கடைக்காரர். படம் எனக்கெதற்கு? ஆனால் ஒலியும் டிவியோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக வரும் என்பதால், அம்மா தொடர் பார்த்துக்கொண்டிருந்த கூடத்து டிவியையே கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. "பச்சை விளக்கு மின்னுது சித்தப்பா" என்று அண்ணன் மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கோ ஒரு சத்தமும் இல்லை. எந்த விசையையும் தொடாமல் காத்திருந்தபோது, திரையிலுள்ளதைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பானை நிறுவ கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துமாறு ஓர் ஆங்கிலக் குரல் கூடம் முழுக்க ஒலித்தது. அதுவரை அந்தப் பலகை இயங்குகிறது என்பதற்கு எனக்கிருந்த ஒரே சாட்சி அந்தச் சிறுவனின் கண்தான் என்பது இன்னும் உறுத்துகிறது.

ஏற்காடு உறுப்பினர்:
டிவியே தேவையில்லை என்பது என் கருத்து. நான் வேறொரு கணினியிலிருந்து வலையமைப்பு மூலம் பலகைக்குள் நுழையும் எஸ்.எஸ்.எச். வழியாகத்தான் நுழைந்தேன்; கடவுச்சொல்லைத் தட்டும்போது முனையம் என்ற கட்டளைச் சாளரம் எதையும் காட்டாது, ஆகவே அந்தக் கணினியின் திரைவாசிப்பானான என்.வி.டி.ஏ.வும் வாய் திறக்கவில்லை, என்டர் தட்டிய பின்னர்தான் பேசியது. என் கதை அவ்வளவே. புதியவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. நினைவக அட்டையில் இயங்குதளத்தை எழுதும் முன்பே அதை எழுதித் தரும் இமேஜர் மென்பொருளில் பயனர்பெயர், கடவுச்சொல், வைஃபை, எஸ்.எஸ்.எச். அனைத்தையும் கொடுத்துவிடுங்கள், 2022 ஏப்ரலில் 'பை' என்ற இயல்புப் பயனர் நீக்கப்பட்டுவிட்டதால், பயனர்பெயரை விட்டுவிட்டால் வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாது. வைஃபைக்கு நாடு இந்தியா என்று தேர்ந்தெடுங்கள். முடிந்தால் முதல்முறை லேன் கம்பியையே செருகுங்கள். முதல் தொடக்கத்தில் அட்டையின் முழு இடத்தையும் விரித்துக்கொண்டு பலகை தானே மறுபடி தொடங்கும் என்பதால், சத்தமில்லையே என்று மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள். மழைக்காலத்தில் எங்கள் மலையில் மின்சாரம் போய்ப்போய் வரும், சிறிய யு.பி.எஸ். ஒன்று இருந்தால் அட்டை கெடாமல் தப்பிக்கும்.

சூரமங்கலம் உறுப்பினர்:
ஏற்காட்டு நண்பரே, இரண்டாவது கணினி எல்லார் வீட்டிலும் இருப்பதில்லை. அஸ்தம்பட்டிக்காரர் செய்ததில் பிழையொன்றுமில்லை. என்னிடம் இருப்பது பை 4. தொடங்கியதும் வலையமைப்பில் தன்னைக் குறிக்கும் எண்ணான ஐ.பி. முகவரியை, இ-ஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் குரலில் தானே வாசிக்குமாறு அதை அமைத்து, ஹெட்போன் துளையில் ஒரு ஸ்பீக்கரை மாட்டியிருந்தேன். புது ரூட்டர் பொருத்த வந்த இளைஞரிடம் பலகைக்கு நிலையான முகவரி வேண்டும் என்று கேட்டேன். "இப்ப அதோட நம்பர் என்னங்க மேடம்?" என்று அவர் என் மனைவியிடம் கேட்டார். நான் பலகையை மறுதொடக்கம் செய்தேன். அது எண்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னது. குறித்துக்கொண்டவர், அப்போதும் என் மனைவியின் பக்கம் திரும்பி, "சரிதானுங்களா மேடம்?" என்றார்.