மரைன் லேயருக்குத் தமிழில் என்ன?

அன்பின் குழுவினருக்கு,

கலிபோர்னியாவின் பெர்க்லி குன்றில் ஒரு வீட்டுக்கூரை வானிலைக் கருவி. அதன் அளவுகளைப் படிக்க, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கக் கையேடு எழுதுகிறேன். சனிக்கிழமை வகுப்பு. 'மரைன் லேயர்' என்ற இடத்தில் நிற்கிறது. ஓர் ஆகஸ்ட் மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள்: 5 மணிக்கு வெப்பம் 29 பாகை செல்சியஸ், பனிநிலை (ட்யூ பாயிண்ட்: காற்றின் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை; ஈரம் கூடினால் ஏறும்) 7. இரவு 8 மணிக்கு வெப்பம் 14, பனிநிலை 12. வெப்பம் இறங்க இறங்கப் பனிநிலை ஏறினால் அது பொழுது சாய்ந்த குளிர்ச்சி மட்டுமல்ல. பசிபிக்கின் ஈரக்காற்று குன்றேறிக் கருவியை மூழ்கடித்துவிட்டது. அந்தக் காற்றுக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்.
— செ.

மூடுபனி இருக்கிறதே, எதற்குப் புதுச்சொல்?
— ந.

மூடுபனி போதாது. குளிர்ந்த கடலைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கீழே. அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்கிறது. மேகம் கட்டினால் மூடிக்குச் சற்றுக் கீழேதான் கட்டும். சில நாள் கட்டவே கட்டாது, படலம் மட்டும் இருக்கும்.

ஓதப்படலம் என்கிறேன். ஓதம் கடலுக்கும் ஆகும், ஈரத்துக்கும் ஆகும். 'சுவரில் ஓதம் ஏறுது' என்று இன்றும் சொல்கிறோம். அலை ஓயாமல் ஓதுவதால் ஓதை, ஓதையால் ஓதம் என்பது என் ஊகம். சான்பிரான்சிஸ்கோக்காரர்கள் தங்கள் பனிக்கு வைத்திருக்கும் 'கார்ல்' என்ற செல்லப்பெயரும் என் காதில் நம் 'கார்' போலத்தான் ஒலிக்கிறது.
— இரா.

கார் என்றால் கருமேகம் ஐயா. அங்கே வருவதோ வெள்ளை வெளேரென்று! அதைவிட, எங்கள் ஊரில் ஓதம் என்றால் விரைவீக்கம். பிள்ளைகளுக்கு நடுவில் நின்று நான் சொல்ல மாட்டேன். கடலடுக்கு போதும்.
— ந.

கடலடுக்கு என்றால் தண்ணீருக்குள் இருக்கும் அடுக்கு என்றுதான் தோன்றும். கடற்காற்றுப் படலம்?
— ம.

கடற்காற்று ஏற்கெனவே வேறொன்றின் பெயர். அது வீசும், இது வீசாமலும் கிடக்கும். ஒரு சொல்லுக்கு அருவருப்புப் பொருள் ஒன்று ஒட்டிக்கொண்டால் நல்ல பொருளையும் தூக்கிப் போட்டுவிடுவதா? பிறகு நாற்றம் என்ற சொல்லுக்கு ஆனதுதான் ஆகும்.
— இரா.

நாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 'கடலீரப் படலம்' என்று போட்டுக்கொள்கிறேன். ம. தனிமடலில் சரி என்கிறார். ந.வும் தலையாட்டிவிட்டார், களைத்துப்போய்தான் என்று நினைக்கிறேன்.
— செ.

கடலீரம் பயந்து செய்த சொல். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், கோடையில் மேகமே பொழியாமல் மழைமானியில் 0.2 மி.மீ. ஏறுமே, மரத்தில் படிந்த பனி சொட்டி? கையேட்டில் அதையும் மழை என்றே எழுதிவிட்டீர்களா?
— இரா.