வடக்குத் தெரு குடும்பம்: ஞாயிற்றுக்கிழமை குழு உரையாடல்

நிலா: [படம்]

நிலா: பஸ்ஸில் போகும்போது எடுத்தது. கொஞ்சம் ஆடிவிட்டது.

மீனா அத்தை: இடிந்த சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்து ஏதோ எழுதியிருக்கிறதே. கட்சி விளம்பரமா?

நிலா: இல்லை அத்தை. ‘ட்ரவெரினை நினைவில் வையுங்கள்’ என்று வெல்ஷ் மொழியில் எழுதியிருக்கிறது. நான் இருக்கும் ஆபரிஸ்ட்வித்துக்குத் தெற்கே, லான்றஸ்டிட் பக்கம் மெயின் ரோட்டு ஓரத்தில் இருக்கிறது. 1960களில் மைக் ஸ்டீவன்ஸ் என்ற எழுத்தாளர் எழுதியது.

சித்தப்பா: இங்கிலாந்தில் இருந்துகொண்டு ஏன் இங்கிலீஷில் எழுதவில்லை?

நிலா: சித்தப்பா, நான் இருப்பது வேல்ஸ். பிரிட்டனுக்குள் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, சொந்த மொழி உண்டு. இதை இந்த ஊர் டீக்கடையில் கேட்டிருந்தால் பாதி டீயோடு எழுப்பி விட்டிருப்பார்கள் 😄

கார்த்தி: அக்கா, ட்ரவெரின் யாரு? ராஜாவா?

நிலா: ஆறுடா. வடக்கே பாலா என்ற ஊருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கு. அங்கே காப்பெல் கெலின் என்று ஒரு கிராமம் இருந்தது. இங்கிலாந்தில் இருக்கும் லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1965ல் அதை அணைக்குள் மூழ்கடித்தார்கள்.

பெரியப்பா: 🎤 குரல் பதிவு 1:12

மீனா அத்தை: அண்ணா, பஜனை சத்தம்தான் கேட்கிறது. டைப் பண்ணுங்கள்.

பெரியப்பா: நான் 31 வருஷம் பொதுப்பணித் துறையில் இருந்தவன். அணை கட்டினால் ஊர் போகத்தான் செய்யும். நகரத்து ஏழைகளும் தண்ணீர் குடிக்க வேண்டும் அல்லவா. எத்தனை வீடு போனது?

நிலா: வீடும் பண்ணையுமாக 12. பள்ளத்தாக்கில் இருந்த 67 பேரில் 48 பேருக்கு வீடு போனது. பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், தேவாலயம், கல்லறைத் தோட்டம் எல்லாம் போயின. சுமார் 800 ஏக்கர்.

பெரியப்பா: 48 பேர்தானா? பெரிய திட்டங்களில் இது ஒன்றுமே இல்லை. நஷ்ட ஈடு கொடுத்திருப்பார்கள்.

நிலா: பெரியப்பா, கணக்கு சின்னதுதான். நடந்த விதத்தைக் கேளுங்கள். லிவர்பூல் மாநகராட்சி நேராக லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போய்த் தனி மசோதா கொண்டுவந்தது. சட்டமாகிவிட்டால் அந்தப் பகுதி வேல்ஸ் உள்ளாட்சிகளிடம் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை. 1957ல் நிறைவேறியது. வேல்ஸுக்கு அப்போது 36 எம்.பி.க்கள். 35 பேர் எதிர்ப்பு. ஆதரித்து ஓட்டுப் போட்டவர் ஒருவர்கூட இல்லை.

சித்தப்பா: 35 பேர் எதிர்த்தும் நிறைவேறியதா?

நிலா: இங்கிலாந்து எம்.பி.க்கள் எண்ணிக்கை முன்னால் 36 எந்த மூலைக்கு? இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அதனால்தான் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாடே வேண்டாம் என்று சொல்லியும் அது செல்லுபடியாகவில்லை. அதுவரை கட்சி பக்கமே போகாதவர்களுக்கும் அன்றுதான் உறைத்தது.

மீனா அத்தை: அந்த ஊர்க்காரர்கள் சும்மாவா இருந்தார்கள்?

நிலா: 1956 நவம்பரில் ஊரே கிளம்பி லிவர்பூல் தெருவில் ஊர்வலம் போனது அத்தை, குழந்தைகள் உட்பட. ‘உங்கள் வீடுகள் பத்திரம், எங்கள் வீடுகளைக் காப்பாற்றுங்கள்’ என்று தட்டி பிடித்துக்கொண்டு. லிவர்பூலில் வேல்ஸிலிருந்து பிழைக்கப் போனவர்களே ஏராளம். ஆனாலும் எடுபடவில்லை. இத்தனைக்கும் இதே நகரம் 1880களில் லான்உதின் என்ற இன்னொரு வேல்ஸ் கிராமத்தையும் இப்படித்தான் மூழ்கடித்திருந்தது.

மீனா அத்தை: கல்லறைத் தோட்டம் என்றாயே, புதைத்தவர்கள்?

நிலா: குடும்பத்தார் கேட்டால் மாற்றித் தருவோம் என்றார்கள். 8 பேரை மட்டும் தோண்டி எடுத்து வேறு இடத்தில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்கள் அங்கேயே.

மீனா அத்தை: அடப் பாவமே.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: என்னடா நீக்கினாய்?

சித்தப்பா: ஒன்றுமில்லை அண்ணா, காலை வணக்கம் படம். நேரம் சரியில்லை என்று எடுத்துவிட்டேன்.

கார்த்தி: அக்கா, சண்டை எதுவும் நடக்கலையா?

நிலா: நடந்தது. 1962ல் இரண்டு பேர் அணை வேலை நடக்கும் இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைத் திறந்துவிட்டார்கள். 1963 பிப்ரவரியில், கொட்டுகிற பனியில் மூன்று பேர் போய் டிரான்ஸ்ஃபார்மருக்கே குண்டு வைத்தார்கள். அதில் ஒருவர் இந்த ஊர்க் கல்லூரி மாணவர். 12 மாதம் சிறைத் தண்டனை.

பெரியப்பா: குண்டு வைப்பதை எல்லாம் பையனுக்குச் சொல்லிக் கொடுக்காதே.

நிலா: சரி பெரியப்பா 🙏 குண்டு இல்லாத கதையும் இருக்கிறது. 1965 அக்டோபரில் திறப்பு விழா. எதிர்ப்பாளர்கள் மைக் வயரை அறுத்துவிட்டார்கள். மேடையில் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. சில நிமிடத்தில் விழா முடிந்தது.

கார்த்தி: 🔥🔥

பெரியப்பா: அது இருக்கட்டும். பாலாவிலிருந்து லிவர்பூல் தூரம் ஆயிற்றே. குழாய் போட்டார்களா, கால்வாயா?

நிலா: இரண்டும் இல்லை. அணையிலிருந்து ஆற்றிலேயே விடுகிறார்கள். ட்ரவெரின் போய் டீ ஆற்றில் சேரும். கீழே செஸ்டர் பக்கத்தில் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கிறார்கள்.

பெரியப்பா: அப்படியா! ஆறே வாய்க்கால். கோடையிலும் ஆற்றில் ஓட்டம் இருக்கும். நல்ல வேலை. செய்தவன் விவரமானவன்.

நிலா: இப்போது அப்படித் திறந்துவிடும் தண்ணீரில் டிக்கெட் வாங்கி ரப்பர் படகு விடுகிறார்கள் பெரியப்பா. என் கூட வேலை பார்க்கும் பெண் போய்விட்டு வந்தாள். அவளுடைய பாட்டி அந்தப் பக்கமே போகமாட்டாராம்.

மீனா அத்தை: லிவர்பூல்காரர்கள் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னார்களா?

நிலா: 2005ல் மன்னிப்புக் கேட்டார்கள். அணை திறந்து 40 வருஷம் கழித்து.

சித்தப்பா: சுவர் மட்டும் எப்படி இவ்வளவு நாள் நிற்கிறது?

நிலா: நிற்க விடுவதில்லையே! 2019 பிப்ரவரியில் யாரோ அதன்மேல் எல்விஸ் என்று எழுதினார்கள். ஏப்ரலில் ஒரு பகுதியை இடித்தே தள்ளினார்கள். உடனே ஊர்க்காரர்கள் கல்லை அடுக்கி நிமிர்த்திவிட்டார்கள். அப்புறம் அதே வாசகம் வேல்ஸ் முழுக்கச் சுவர் சுவராக முளைத்துவிட்டது. இடித்தவனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சித்தப்பா: இவ்வளவு கோபம் இருந்தால் தனி நாடு கேட்டிருக்க வேண்டுமே?

நிலா: அங்கேதான் எனக்கும் பிடிபடவில்லை சித்தப்பா. 1966ல் கார்மார்தன் இடைத்தேர்தலில் க்வின்வோர் எவன்ஸ் ஜெயித்தார். தேசியக் கட்சியான பிளைட் கம்ரிக்கு முதல் எம்.பி. ஆனால் 1979ல் ‘உங்களுக்கென்று ஒரு சட்டமன்றம் வேண்டுமா’ என்று வாக்கெடுப்பு வைத்தால், நாலுக்கு ஒன்று கணக்கில் வேண்டாம் என்றுவிட்டார்கள்! தனி நாடு அல்ல, வெறும் சட்டமன்றம்.

மீனா அத்தை: ஏனாம்?

நிலா: வேல்ஸில் தெற்கே இங்கிலீஷ் மட்டும் பேசுகிறவர்கள்தான் அதிகம். வெல்ஷ் பேசுகிறவர்கள் கையில் எல்லாம் போய்விடும் என்று அவர்களுக்குப் பயம். வடக்கே இருப்பவர்களுக்கு, தெற்கே தலைநகரில் இருக்கும் கார்டிஃப்காரர்கள் நம்மை ஆள்வதா என்று கடுப்பு. மூழ்கிய ஊருக்காக எல்லோரும் அழுவார்கள், ஓட்டுப் போடும்போது அவரவர் பயம்தான் முன்னால் நிற்கும்.

பெரியப்பா: இதைச் சொன்னாயே, இது உண்மை.

நிலா: அடுத்த வருஷமே வேறு கதை. வெல்ஷ் டிவி சேனல் தருவோம் என்று தேர்தலில் சொன்ன பிரதமர் தாட்சர் அரசு பின்வாங்கியது. பலர் டிவி லைசென்ஸ் கட்டணம் கட்ட மறுத்தார்கள். சேனல் வராவிட்டால் சாகும்வரை உண்ணாவிரதம் என்று க்வின்வோர் எவன்ஸ் தேதி குறித்தார், 1980 அக்டோபர் 6. செப்டம்பரிலேயே அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பரில் சேனல் வந்தது.

கார்த்தி: தாட்சரா?? பின்வாங்கியதா??

நிலா: ஆமாம். ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்காமல் ஜெயித்த உண்ணாவிரதம் 😄

சித்தப்பா: சட்டமன்றம் வந்ததா இல்லையா?

நிலா: 1997ல் மறுபடி கேட்டார்கள். மொத்த வேல்ஸிலும் 6,721 ஓட்டு வித்தியாசத்தில் ‘ஆம்’ ஜெயித்தது. விடிய விடிய எண்ணிக்கை, ‘இல்லை’தான் முன்னால். கடைசியாக வந்தது கார்மார்தன் பகுதி முடிவு. அதுதான் கவிழ்த்தது.

மீனா அத்தை: அவர் 1966ல் ஜெயித்தாரே, அதே ஊரா?

நிலா: அதே ஊர்தான் அத்தை.

பெரியப்பா: 6,721 என்பது நம் பக்கம் ஒரு ஒன்றியத்துத் தேர்தல் வித்தியாசம். சரி, அந்த அணை மண் அணையா, காங்கிரீட்டா?

நிலா: மண் அணை. மேலே புல் முளைத்து மேடு மாதிரி இருக்கும்.

பெரியப்பா: அடுத்த லீவில் அங்கே போனால் உபரி நீர் வெளியேறும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பு. பஸ்ஸில் போய்க்கொண்டே எடுக்காதே, இறங்கி நின்று எடு.

நிலா: சரி பெரியப்பா. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் வருகிறேன்.