மறு: தெர்மோஸ்டாட்டுக்கு என்ன சொல்? ‘வெப்ப மதகு’ என்று முன்மொழிகிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு,

> பழைய பிக்கப் வண்டிகளுக்கான பழுதுநீக்கக் கையேட்டில் குளிர்விப்பு அத்தியாயம் மட்டும் நிற்கிறது. தெர்மோஸ்டாட்டுக்கு ‘வெப்பநிலைப்படுத்தி’ என்று போட்டு முடித்துவிடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. இஸ்திரிப் பெட்டியில் இருப்பதற்கு அந்தச் சொல் பொருந்தும். அங்கே ஈருலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தை வெட்டுகிறது, ஆறியதும் சேர்க்கிறது. எஞ்சினில் இருப்பதற்கு மின்சாரத்தோடு சம்பந்தமே இல்லை. அது ஒரு கதவு. தண்ணீரை எந்த வழியில் விடுவது என்பதுதான் அதன் வேலை. ‘வெப்பநிலைப்படுத்தி’ என்று படிக்கிற பையனுக்கு அந்த வழி கண்ணில் தெரியாது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வண்டி ஓடும் என்றுதான் நினைப்பான். நம் பட்டறைகளில் நடப்பதும் அதுவே. வண்டி ஹீட் ஆகிறது என்று வந்தால் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுகிறார்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க?” என்று கேட்கிறார்கள்.

எதுக்கு என்பதை நாமக்கல் பக்கத்து ஓட்டுநர் ஒருவரின் பழைய டீசல் பிக்கப் காட்டியது. சமவெளியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். காரவள்ளியில் சிமென்ட் மூட்டையோடு கொல்லிமலை ஏறத் தொடங்கினால், 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் சிவப்பைத் தொட்டுவிடும். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தாயிற்று, வாட்டர் பம்ப் புதுசு, ஃபேன் பெல்ட் புதுசு, மூடியும் மாற்றியாயிற்று. ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கிவிடலாம் என்ற பேச்சு வந்தபோதுதான் தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒன்றும் இல்லை. எப்போதோ யாரோ எடுத்துப்போட்டிருக்கிறார்கள்.

தடை இல்லாவிட்டால் தண்ணீர் இன்னும் தாராளமாக ஓடி எஞ்சினைக் குளிர்விக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். அந்த வண்டிக்கு உரிய தெர்மோஸ்டாட்டில் இரண்டு தட்டுகள் உண்டு. மேல்தட்டு ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்திருக்கும். கீழ்த்தட்டு பைபாஸ் துளைக்கு, அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்குவழிக்கு, நேரே தொங்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது பைபாஸ் திறந்திருப்பதால் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். 82 டிகிரி வந்ததும் பித்தளைக் குப்பிக்குள் இருக்கும் மெழுகு உருகி விரிகிறது. அந்த உந்துதலில் மேல்தட்டு ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு திறக்கிறது. அதே அசைவில் கீழ்த்தட்டு இறங்கி பைபாஸை மூடுகிறது. மொத்தத்தையும் எடுத்துவிட்டால் பைபாஸை மூட எதுவும் இல்லை. சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடுகிறது. சமவெளியில் தாங்கும், சுமையோடு மலை ஏறும்போது தாங்காது. சரியான தெர்மோஸ்டாட் போட்ட பிறகு அந்த வண்டி சிவப்பைத் தொடாமல் மலை ஏறியது.

கீழ்த்தட்டு இல்லாத வகையைக் கழற்றினால் கேடு வேறு மாதிரி. எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே வராது. டீசல் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவும். மைலேஜ் குறையும், பிஸ்டன் ரிங் தேயும். ஹீட் ஆகாததால் இதை யாரும் பழுது என்று சொல்வதுகூட இல்லை.

ஆகவே சொல்லில் ‘வழி’யும் ‘கதவு’ம் இருந்தே ஆக வேண்டும். இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்க்கலாம்.

> ‘ஓரதர்’ ஏற்கெனவே இருக்கிறதே. ‘வெப்ப ஓரதர்’ போதும்.

ஓர் அதர், அதாவது ஒரு வழி. ஒரே திசையில் மட்டும் விடுகிற வால்வுக்கு அது அழகான சொல். இங்கே நடப்பது ஒரு வழியை மூடி இன்னொரு வழியைத் திறப்பது. ஓரதர் என்றால் பொருள் தடம் மாறிவிடும்.

> ‘மெழுகு வால்வு’ எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் மெழுகு உறுப்பை செர்ஜியஸ் வெர்னே கண்டுபிடித்தது 1934-இல். அதற்கு முந்தைய வண்டிகளில் ஆவியாகும் திரவம் அடைத்த மடிப்புக் குப்பிதான் இந்த வேலையைச் செய்தது. உள்ளிருக்கும் பொருளை வைத்துப் பெயரிட்டால் அவை வெளியே நின்றுவிடும்.

என் முன்மொழிவு ‘வெப்ப மதகு’. ஏரியில் மதகு என்ன செய்கிறதோ அதையே இது எஞ்சினில் செய்கிறது. முதலில் ‘மடை’தான் மனதில் வந்தது, ‘மடை மாற்றுதல்’ என்ற வழக்கு இந்தச் செயலை அப்படியே சொல்கிறது. ஆனால் ‘வெப்பமடை’ என்று சேர்த்து எழுதினால் ‘வெப்பம் அடை’ என்றுதான் கண் படிக்கும். ‘வெப்பமடைதல்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிற அத்தியாயத்தில் அது ஆகாது. ‘சூட்டு மதகு’ பேச்சுக்கு இன்னும் நெருக்கம். பட்டறையில் அப்படிப் புழங்கினால் எனக்கு மகிழ்ச்சியே.

> மதகை ஆள் திறக்க வேண்டும். இது தானே திறக்கிறதே?

எது திறக்கிறது என்பதைத்தான் ‘வெப்ப’ என்ற முன்சொல் சொல்கிறது.

பழுதுகளுக்கும் சொல் தேட வேண்டியதில்லை. மதகு அடைத்துக்கொண்டது, மதகு பாதிதான் திறக்கிறது, மதகு திறந்தே நிற்கிறது என்று எழுதலாம். கையேட்டுக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“ஆறிய எஞ்சினை முடுக்கி, விசிறியில் சிக்காமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதலில் குளிர்ந்திருந்து, பிறகு சட்டென்று சூடேற வேண்டும். முள் சிவப்பை நெருங்கியும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் வெப்ப மதகு திறக்கவில்லை. முடுக்கியது முதலே ஹோஸ் மெல்ல மெல்லச் சூடேறி, முள்ளும் நெடுநேரம் கீழேயே கிடந்தால் மதகு திறந்தே நிற்கிறது, அல்லது உள்ளே மதகே இல்லை. சந்தேகம் இருந்தால் கழற்றி, நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். பொறித்திருக்கும் எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். திரும்ப மாட்டும்போது, காற்று வெளியேறும் சிறு துளை இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு ஏர் லாக் ஆகும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.”

இதைப் படித்துக் காட்டியபோது வேலை பழகும் பையன்கள் யாரும் சொல்லில் தடுமாறவில்லை.

மற்றவை சுருக்கமாக. ரேடியேட்டர் ரேடியேட்டராகவே இருக்கட்டும். ‘கதிர்வீசி’ வேண்டாம், அதிலிருந்து போகும் சூட்டில் பெரும்பங்கை இடையே ஓடும் காற்றுதான் கொண்டுபோகிறது, கதிர்வீச்சு சிறுபங்கே. கூலண்டும் அப்படியே இருக்கலாம், டப்பாவில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. ரேடியேட்டர் மூடிக்கு ‘அழுத்த மூடி’ என்பதை ஏற்கிறேன். உள்ளே அழுத்தம் நிற்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் போனால் அந்தக் காப்பும் போய்விடும். வெறும் ‘மூடி’ என்று எழுதினால் கிடைத்ததைப் போட்டு மூடிவிடுவார்கள்.

சொற்பட்டியலுக்கான பதிவு:

வெப்ப மதகு (பெ.): எஞ்சினின் குளிர்விப்பு நீர், குறித்த வெப்பநிலையை எட்டும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்தும், எட்டியபின் திறந்தும் விடும் உறுப்பு, சில வகைகளில் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். வழக்கு: தெர்மோஸ்டாட், தெர்மோஸ்டாட் வால்வு. பேச்சு: சூட்டு மதகு.

‘பைபாஸ்’ என்று அப்படியே விட்டிருக்கிறேன். ‘புறவழி’ போடலாம் என்றால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன். ஹெட் கேஸ்கட்டைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம்.