கோவில் புல்லும் இருமல் மருந்து மூடியும்

குழு: குலசாமி குடும்பம்

கண்ணன்: கோவிலுக்கு வந்துவிட்டேன். முன்வாசலில் இடுப்பளவு கோரை. சிவராத்திரிக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. புல்வெட்டும் மெஷினுக்கு லிட்டருக்கு எவ்வளவு ஆயில்?

செல்வி அத்தை: நாங்கள் 11 பேர் வருகிறோம்.

ராமு: 20 மில்லி.

சித்தப்பா: 40.

பெரியப்பா: கண்ணா, இவர்கள் பேச்சைக் கேட்காதே. இந்த மெஷினில் இருக்கிற டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு போகிற ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40. இரண்டு வகை மெஷினும் உண்டு. டேங்கில் ஒட்டியிருப்பதைப் பார். அந்தக் காலத்தில் என் மொபெட்டுக்கு பெட்ரோல் பங்கிலேயே

பெரியப்பா: கை தவறி அனுப்பிவிட்டேன். பங்கிலேயே ஆயில் கலந்து கொடுப்பார்கள்.

கண்ணன்: பெட்ரோல் வழிந்து வழிந்து எழுத்து அழிந்துவிட்டது. ":1" மட்டும் தெரிகிறது.

ராமு: மெஷினோடு வந்த புத்தகம்?

கண்ணன்: அத்தை வீட்டில்.

செல்வி அத்தை: என்னிடம் இல்லை. கணக்கு நோட்டோடு ராமு வாங்கிப் போனான்.

ராமு: நோட்டு மட்டும்தான்.

சித்தப்பா: நோட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. பிஸ்டன் மாற்றிய 2,800 ரூபாயில் ஒருவர் பங்கு இன்னும் வரவில்லை.

பெரியப்பா: வெறும் பெட்ரோலை ஊற்றியவன் என் மகன்தான், இல்லையென்று சொல்லவில்லை. கேன் மேல் ஒரு வார்த்தை எழுதி வைக்காதது யார்?

அப்பத்தா: பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வைக்காதீர்கள்.

கண்ணன்: கேனில்தான் இருக்கிறது அப்பத்தா. போன சிவராத்திரிக்குக் கலந்ததில் பாதி மிச்சம். ஊற்றலாமா?

பெரியப்பா: ஊற்றவே ஊற்றாதே. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், அடியில் பிரிந்து நிற்கும். பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் துளையை அடைக்கும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். முதலில் பாதி பெட்ரோல், பிறகு டூ ஸ்ட்ரோக்குக்கென்றே விற்கும் டூ டி ஆயில், மேலே மீதி பெட்ரோல், மூடியை இறுக்கிக் குலுக்கு. காருக்கு ஊற்றும் ஆயில் கூடாது. டேங்குக்குள்ளேயே கலக்கவும் கூடாது. சூடாக இருக்கும்போது

செல்வி அத்தை: கிடாய்க்குச் சொல்லியாயிற்றா?

சித்தப்பா: சொல்லியாயிற்று. சமையலுக்கு மட்டும் போன வருடத்து ஆள் வேண்டாம். குழம்பில் உப்பே இல்லை.

செல்வி அத்தை: அவர் என் நாத்தனார் கூட்டி வந்தவர்.

சித்தப்பா: தெரியும்.

கண்ணன்: புதுப் பெட்ரோல் ஒரு லிட்டர் வாங்கிவிட்டேன். அளவுக் குப்பி இல்லை. இருமல் மருந்து மூடியில் 10 மில்லி கோடு இருக்கிறது. இரண்டு மூடியா, நான்கா?

ராமு: மூன்று.

பெரியப்பா: இதென்ன ஏலமா? ஆயில் கூடினால் புகையும், பிளக்கில் கரி பிடிக்கும், துடைத்துக்கொள்ளலாம். குறைந்தால் பிஸ்டன் போய்விடும். புத்தகம் கிடைக்கும் வரை நான்கு ஊற்று.

சித்தப்பா: அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

கண்ணன்: நான்கு ஊற்றினேன். ஓடுகிறது. புகை வேப்பமரத்து உச்சி வரை போகிறது.

அப்பத்தா: சாமிக்குச் சாம்பிராணி போட்டது போல ஆயிற்று.

ராமு: பழைய பெட்ரோலை என்ன செய்வது?

சித்தப்பா: அந்த 2,800?

செல்வி அத்தை: 11 இல்லை, 13 பேர்.