ஒரே மேசையில் ஆபீஸும் ஓவியமும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து:

இரண்டு அறை அடுக்குமாடி வீடு. அம்மா, மனைவி, நாலு வயது மகள், நான். கணக்கு வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்கிறேன். ஹாலில் இருப்பது ஒரே மேசை. பகலில் அதில் லேப்டாப்பும் ரசீதுக் கட்டுகளும். மகள் தூங்கிய பிறகு அதே மேசையில் அக்ரிலிக் சாயத்தில் ஓவியம்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. மேசையைத் துடைத்து, பிளாஸ்டிக் விரித்து, டியூப்பைப் பிதுக்கித் தூரிகையை நனைக்கும்போது மணி பத்தரை ஆகிவிடும். பன்னிரண்டுக்கு எல்லாவற்றையும் கழுவி ஏறக்கட்ட வேண்டும். ஒரு நாள் வாடிக்கையாளரின் ரசீதுகளில் நீலச் சாயம் பட்டுவிட்டது. அதை முதலாளியிடம் சொன்ன அன்றிலிருந்து இரண்டு மாதம் நான் தூரிகையைத் தொடவில்லை.

போன தீபாவளிக்குப் பட்டர்வொர்த்தில் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்குப் போன காலம் முழுக்க மாடிப்படிக்கு அடியில்தான் வரைந்தார். சுவரில் கீல் போட்ட பலகை, மேலே ஒரு பல்பு, முன்னால் பெரியம்மாவின் பழைய சேலை. சேலையை விலக்கிக் காட்டினார். பாதி வரைந்த படம், தட்டில் சாயம், தூரிகை எல்லாம் முந்தின நாள் விட்டபடியே இருந்தன. "ஏறக்கட்டாதடா, மூடி வை. உனக்கு வரையறதுக்கு நேரம் இல்லாம இல்ல. ஆரம்பிக்கிறதுக்குள்ளயே நேரம் போயிடுது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பால்கனியில், துணி காயும் கம்பிக்குக் கீழே, இரண்டடிக்கு மூன்றடி பலகை ஒன்றைக் கீல் வைத்து அடித்தேன். சாயத்துக்கு மூடி உள்ள தட்டையான டப்பா. அடியில் ஈரப் பஞ்சு, அதன் மேல் கேக் சுடும் தாள், தாளின் மேல் சாயம். மூடிவிட்டால் அக்ரிலிக் நாலைந்து நாள் இளகியே இருக்கிறது. இப்போது இருபது நிமிடம் கிடைத்தால் இருபது நிமிடமும் வரைகிறேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட.

உங்கள் வீட்டில் எப்படி? எண்ணெய்ச் சாயம் பயன்படுத்துபவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். மாற ஆசையாக இருக்கிறது.

பினாங்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து:

தம்பி, மாறுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. டெரஸ் வீட்டின் பின்னறையில்தான் எண்ணெய்ச் சாயம், அங்கேயேதான் பிள்ளைகளின் புத்தகம் திருத்துவதும். ஒரு நாள் இந்தச் சாயத்தில் சேரும் ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். திரும்பி வந்தால் கருகல் வாடை. கூடையைத் தொட்டேன், கை சுட்டது. பக்கத்திலேயே 28 பிள்ளைகளின் கட்டுரைப் புத்தகங்கள். நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் உள்ளேயே அடைபட்டு ஏறிக்கொண்டே போகும். யாரும் பற்ற வைக்காமலே தீப்பிடிக்கும். துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காய வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பி மூடும் தகர டின்னில் போடுங்கள். தண்ணீரில் கரையும் எண்ணெய்ச் சாயம் கடையில் கிடைக்கிறது. சாயத்தைக் கரைக்கும் டர்பன்டைனின் வாடையே வேண்டாம் என்பதால் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுதான் நல்லது என்பேன். அதிலும் இதே எண்ணெய்தான், துணி விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள்.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். ஓவியருக்கு வடக்குச் சன்னல்தான் சிறந்தது, நேர் வெயில் விழாது என்பது ஐரோப்பாவில் இருந்து வந்த பாடம். பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து டிகிரி சொச்சத்தில்தான் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் மாதக் காலையில் என் வடக்குச் சன்னல் வழியாகக் கேன்வாஸ் மேல் சாய்வாக வெயில் விழும். பல வருஷம் கண்ணைச் சுருக்கிக்கொண்டே வரைந்தேன். இப்போது அந்த மாதங்களில் தெற்குச் சன்னல், மற்ற மாதங்களில் வடக்கு. வருஷத்துக்கு இரண்டு முறை ஈசலை, அதாவது கேன்வாஸ் வைக்கும் தாங்கியை, நகர்த்துகிறேன்.

பாயான் லெப்பாஸிலிருந்து:

நான் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். லீவு நாளிலும் தூக்கம் வராது, இரவில்தான் வரைவேன். ஹாலில் மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் படத்தில் மஞ்சள் பத்தாத மாதிரியே இருக்கும், பூசிக்கொண்டே போனேன். விடிந்து பார்த்தால் அம்மாவின் முகம் மஞ்சள் தேய்த்துக் குளித்த முகமாக இருந்தது. முழுக்கச் சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தேன். பல்பு வாங்கும்போது பெட்டியில் 5000 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை), சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

வேலையும் ஓவியமும் சேர்ந்தே போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1950களில் பீட்டர் ஹாரிஸ் என்பவர் கோலாலம்பூரில் தொடங்கிய ஓவியக் குழுவுக்குப் பெயரே புதன்கிழமைதான். வாரத்தில் அந்த ஒரு நாள் கூடி வரைந்தார்கள். 1963இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தின் முகப்பில் பெரிய சுவர்ச்சித்திரங்கள் இருக்கின்றனவே, அவற்றை வடிவமைத்த சியோங் லாய்தோங் அந்தக் குழுவில் இருந்தவர்.

நாங்கள் மூன்று பேர் கடைவீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். சனிக்கிழமை காலை எங்களுக்கு. ஆளுக்கொரு அலமாரி, ஒருத்தர் ஈசலை இன்னொருத்தர் நகர்த்தக்கூடாது. வீட்டில் இடம் இல்லாதவர்கள் இப்படியும் யோசியுங்கள்.

செந்தூலிலிருந்து:

அக்கா, இன்று சாயங்காலமே தகர டின் வாங்கிவிட்டேன், அக்ரிலிக்கில் இருக்கும்போதே கை பழகட்டும் என்று. எண்ணெய்ச் சாயத்தை மகள் பள்ளிக்குப் போகும் வரை தள்ளி வைக்கிறேன். எங்கள் பால்கனி வடக்கு பார்த்தது. வெயில் எதுவரை வருகிறது என்று பலகையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணே, அந்த மாடியில் நாலாவது அலமாரிக்கு இடம் இருக்குமா?