கேட்டுப் பழகின பாணியிலிருந்து வெளியே வர்றது எப்படி?

ஆறுதந்தி:
வாத்தியம் கிட்டார். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி. கிங் சோலோக்களை நோட்டுக்கு நோட்டு எடுத்தாச்சு. இப்போ என்ன இம்ப்ரோவைஸ் பண்ணினாலும் அவர் லிக்தான் (பழகின சின்ன வாசிப்புத் துண்டு) விரல்ல வந்து நிக்குது. காப்பி அடிக்கிறதையே நிறுத்திடணுமா? "மனசுலேர்ந்து வாசி"ங்கிற பதில் வேண்டாம், உட்கார்ந்து என்ன செய்யணும்னு சொல்லுங்க.

பஞ்சமம்:
நிறுத்தாதீங்க. காப்பி பாதியில நிக்குது, அதான் சிக்கல். ஒரு லிக்ல ஸ்வரம், தாளத்துல அது விழற இடம், வைப்ராட்டோ (ஸ்வரத்துக்குக் கொடுக்கிற அசைவு), விட்ட இடைவெளின்னு நாலு சரக்கு இருக்கு. நீங்க மொத்தமா கட்டித் தூக்கிட்டு வந்திருக்கீங்க.

நாலு பார் (தாளக் கட்டம்) மட்டும் எடுத்து, வேகத்தை 70 சதவீதமாக்கி, கிட்டாரைத் தொடாம வாயால பாடுங்க. வாயில வரலைன்னா காதுல இன்னும் ஏறலை. டேப் (எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட்னு எண்ணால எழுதின தாள்) பார்த்துப் படிச்சா இந்தக் கட்டமே விட்டுப்போகும். விரலுக்கு ஃப்ரெட் இடம் மட்டும் ஞாபகம் இருக்கும், கீ மாறினாலும் அதே பெட்டியை (விரல் வடிவத்தை) நகர்த்திக்கிட்டுப் போவீங்க.

அப்புறம் ஸ்வரத்தை வச்சுக்கிட்டு தாளத்தை மாத்துங்க: முதல் அடியில தொடங்கினதை அரை அடி தள்ளித் தொடங்குங்க. அடுத்து தாளத்தை வச்சுக்கிட்டு ஸ்வரத்தை மாத்துங்க. உதாரணமா, ஏ கீ ப்ளூஸ்ல டி7 கார்டு வர்ற இடத்துல எஃப் ஷார்ப்ல வந்து இறங்குங்க. ஏ மைனர் பென்டடோனிக்ங்கிற அஞ்சு ஸ்வர வரிசையில அந்த ஸ்வரமே கிடையாது, அதனால அதுக்குள்ளேயே சுத்துற லிக்கால அங்கே போய் முடிய முடியாது. ஒரே நாலு பாருக்கு பத்து வடிவமாவது எழுதுங்க. முதல் நாலஞ்சுல அசல் வாசனை அடிக்கத்தான் செய்யும். பலபேர் அங்கேயே விட்டுடறாங்க.

மெட்டுக்காரன்:
பஞ்சமம் சொன்னது சரி, ஆனா அது பாதி வழிதான். பி.பி. கிங்கையே எடுத்துக்குங்க. தன் உறவினர் புக்கா வைட் ஸ்லைடு (தந்தி மேல வழுக்குற குழாய்) போட்டு எடுத்த ஒலி அவருக்கு வேணும், ஸ்லைடு கையில வரலை. ஆள்காட்டி விரலை ஊன்றி மணிக்கட்டை ஆட்டுற அந்த வைப்ராட்டோ அங்கேர்ந்து பிறந்ததுதான். மாண்டலின் ஸ்ரீனிவாஸும் கமகத்துக்காக இரட்டை இரட்டையா இருந்த எட்டுத் தந்தியை விட்டுட்டு, ஒற்றையா அஞ்சு தந்தி போட்டுக்கிட்டார்.

அதனால எவ்வளவு முயன்றும் வராததைத் தனியா குறிச்சு வைங்க. அந்த இடத்துல உங்க கை வேற ஏதோ ஒண்ணு செஞ்சு சமாளிக்கும். பெரும்பாலும் அதைத் தப்புன்னு திருத்திடறோம். திருத்தாம அதையே பத்து நாள் பழகிப் பாருங்க.

ஆறுதந்தி:
பெடல், ஆம்ப் செட்டிங்கும் அவரோடதேதான் வச்சிருக்கேன். அது பரவாயில்லையா?

தனிஆவர்த்தனம்:
முதல்ல அதை மாத்துங்க. ஜாஸ் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கர் 1937 கோடையில இன்னொரு சாக்ஸபோன்காரரான லெஸ்டர் யங் சோலோக்களை இசைத்தட்டு கேட்டே மனப்பாடம் பண்ணினார். யங் வாசிச்சது டெனர் சாக்ஸபோன், பார்க்கர் கையில அதைவிடச் சின்ன ஆல்டோ. வாக்கியம் (ஒரு மூச்சுல வர்ற இசைத் தொடர்) வந்தது, யங்கோட மெத்துன்னு இருக்கிற தொனி வரலை. ஒலியும் லிக்கும் ஒரே ஆளுக்கிட்டேர்ந்து வந்தா நகல்தான். ஒலி ஒருத்தர்கிட்ட, தாளம் இன்னொருத்தர்கிட்ட, வாக்கியம் மூணாவது ஆள்கிட்டன்னு எடுங்க. அந்த மூணாவது ஆள் கிட்டாரிஸ்டாவே இருக்க வேண்டாம்.

சாக்ஸபோன்காரரா இருந்தா இன்னும் நல்லது. அவர் மூச்சு வாங்க நிறுத்தியே ஆகணும், நமக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால கிட்டார்ல வாக்கியம் முடியவே மாட்டேங்குது. வாசிக்கிறப்போ மெதுவா மூச்சை விட்டுக்கிட்டே வாசிங்க, மூச்சு தீர்ந்ததும் தந்தியிலேர்ந்து கையை எடுத்துடுங்க. ஆரம்பத்துல ரொம்ப எரிச்சலா இருக்கும்.

பஞ்சமம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. வாசிச்சதைப் பதிவு பண்ணி உடனே கேட்காதீங்க, விரல் என்ன நினைச்சதோ அதுதான் காதுல விழும். ரெண்டு வாரம் கழிச்சுக் கேட்டு, எது யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பேர் எழுதுங்க. பேர் எழுத முடியாத வாக்கியங்களை மட்டும் தனியா வெட்டி ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க. அடுத்த பயிற்சியை அதுலேர்ந்து தொடங்குங்க.